சுவர் தாண்டிய கோடு

புதுத்துணி கொடுத்த அன்று விடுதியில் எல்லாப் பெண்களுக்கும் முகம் மலர்ந்திருந்தது. சுகப்பிரியா மட்டும் கையில் வாங்கியதை உடனே பிரிக்கவில்லை.

ஒரகடத்திலிருந்து வல்லம் போகிற சாலையில் கம்பெனி வாடகைக்கு எடுத்து நடத்தும் பெண்கள் விடுதி அது. அன்று மெஸ் மேசைகளின் மேல் குர்தாக்களை அளவு வாரியாக அடுக்கியிருந்தார்கள். வெளிர்பச்சைத் துணி. அதன்மேல் கருநீலக் கோடுகள், வளைந்தும் முறுக்கியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும், எறும்புச் சாரை மாதிரி ஓடின. கோடுகளுக்கு அடியில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஓர் ஓவியரும் ஒரு துணி வடிவமைப்பாளரும் சேர்ந்து உருவாக்கியது என்று பையிலேயே அச்சிட்டிருந்தது. கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கும்போது மேலே நீல மேலங்கி மாட்டிக்கொள்ளலாம். மற்ற நேரமெல்லாம், விடுதியிலும் பஸ்ஸிலும் கேன்டீனிலும், இனி இதுதான் உடுப்பு.

சுகப்பிரியா தன் குர்தாவைப் பிரித்து, துணிமேல் விரலை ஓட்டித் தேடினாள். தேடியது இடுப்புக்குச் சற்று மேலே கிடைத்தது. கட்டங்களைச் சுற்றியிருந்த தடித்த சாம்பல் கோட்டை ஓர் இடத்தில் குறுக்கே தாண்டி, ஒரு நீலக் கோடு வெளியே போயிற்று. அது அவள் போட்ட கோடு.

நிமிர்ந்தபோது, அவளுக்கு முன்னால் நின்றவளின் முதுகிலும் அது இருந்தது. அதற்கு முன்னால் நின்றவளின் தோளிலும் இருந்தது.

அந்தக் கோடு என்னவென்று சொல்ல, முதலில் விடுதியின் மதிலைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைப் பக்கம் இப்போது யாரும் செங்கல் வைத்து மதில் எழுப்புவதில்லை. கான்கிரீட் தூண்களை வரிசையாக நடுகிறார்கள். ஒவ்வொரு தூணின் இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம் ஓடும். இரண்டு தூண்களுக்கு நடுவே, அந்தப் பள்ளங்களில் கான்கிரீட் பலகைகளை மேலிருந்து இறக்கி ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரவைப்பார்கள். பலகைக்கு ஸ்லாப் என்று பெயர். பூச்சே வேண்டாம், தன் பாரத்திலேயே நிற்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடியிலிருக்கும் ஸ்லாப் நொறுங்கினாலும் அடியில் ஓட்டை விழாது. மேலே உள்ளவை எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிடும், உயரம்தான் குறையும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவந்த லாரி ஒருமுறை பின்னால் வந்து இடித்து அப்படித்தான் ஆயிற்று. உடைந்த துண்டுகளை அங்கேயே குவித்துவிட்டுப் போனார்கள். ஆக ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் அந்த ஓர் இடத்தில் மதில் ஒரு ஸ்லாப் குட்டை. ஏறி நிற்கக் குவியலும் தயார். முன்வாசலில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த இடத்தைச் சுகப்பிரியாவுக்குக் காட்டியது கவியா. இருவரும் ஒரே அறை, ஒரே லைன். கவியா சாத்தான்குளத்துக்காரி. ரோட்டோரத்து ஃப்ரைடு ரைஸுக்காக எப்போதாவது தாண்டுவாள். சுகப்பிரியா தாண்டியது அக்காவைப் பார்க்க.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து முதலில் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவள் அக்கா தங்கமாரிதான். வந்த இடத்தில் காஞ்சிபுரம் பக்கத்து மோகன்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு வீட்டுக் கதவும் சாத்தியாயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் இருந்தார்கள். அப்பா கொம்பையா, எனக்கு ஒரே மகள் என்று ஊரில் சொல்லப் பழகிவிட்டார். அந்த ஒரே மகளை அனுப்பவும் அவருக்கு மனமில்லை. அனுப்பியதற்குக் காரணம், விடுதியில் சொன்ன முறை.

முறை இதுதான். வெளியே போக வேண்டிய பெண் வார்டனிடம் வர வேண்டும். வார்டன் தன் போனில் அவள் பெயரைத் தொட்டால், அழைப்பு நேரே பெற்றவர்களுக்குப் போகும். ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். பேச்சு பதிவாகும். அப்பாவோ அம்மாவோ தம் வாயால் "சரி, அனுப்புங்க" என்று சொன்னால் வார்டன் பச்சைப் பொத்தானை அழுத்துவார். அதன்பிறகுதான் வாசலில் உள்ள சுழல்கம்பி அந்தப் பெண்ணின் விரல்ரேகைக்கு வழிவிடும். பொத்தான் பச்சையாகாத விரலை எத்தனை முறை வைத்தாலும் கம்பி அசையாது. கொம்பையா இதை நின்று கேட்டு, தன் விரலை வைத்துத் தள்ளியும் பார்த்துவிட்டு, திருப்தியாக ஊர் திரும்பினார்.

சுகப்பிரியா ஒருமுறைகூடப் பாஸ் கேட்டதில்லை. இரவு ஷிஃப்ட் வாரங்களில் பகலெல்லாம் விடுதி தூங்கும். மாலை டீக்குத்தான் வார்டன் தலை எண்ணுவார். அதற்குள் அவள் மதில் தாண்டி, ஷேர் ஆட்டோ பிடித்து, அக்கா கையால் ஒரு வாய் ரசஞ்சோறு தின்றுவிட்டு வந்துவிடுவாள். தங்கமாரிக்கு இப்போது நிறைமாதம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள். துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம், கூட்டிக்கொண்டு வா என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லியனுப்பினாள். தங்கமாரிக்கு இருந்த பெண் துணை சுகப்பிரியா ஒருத்திதான். வருவேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சரி, கோட்டுக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன்பு வனமாமலை என்ற ஓவியர் விடுதிக்கு வந்திருந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். மெஸ்ஸில் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்து, தினமும் நடக்கிற பாதையைப் பேனாவை எடுக்காமல் ஒரே கோடாகப் போடச் சொன்னார். அதை வைத்து உங்களுக்கே ஒரு துணி செய்யப்போகிறோம், யார் போட்டது என்று குறித்துக்கொள்ள மாட்டேன் என்றார். பெண்கள் அறை, குளியலறை, மெஸ், பஸ், மறுபடி அறை என்று சுற்றிச் சுற்றி வரைந்தார்கள். சுகப்பிரியாவும் அப்படித்தான் ஆரம்பித்தாள். முந்தின நாள்தான் தங்கமாரி, குழந்தை உதைக்கிறது என்று அவள் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்திருந்தாள். பேனா துணி உலர்த்தும் கொடியைக் கடந்தது, ஜெனரேட்டரைச் சுற்றியது, பிறகு நேராகத் தாளின் விளிம்புவரை போய்விட்டது. அவள் பயப்படவில்லை. வெள்ளைத் தாளில் மதில் ஏது? மதில் இல்லாத இடத்தில் ஒரு கோடு எதைத் தாண்டியது என்று யாருக்குத் தெரியும்?

வனமாமலை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு பெயரும் குறிக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒருத்தி மெஸ்ஸைத் தாள் முழுக்கப் போட்டிருந்தாள், இன்னொருத்தி பொட்டளவு போட்டிருந்தாள். எல்லாக் கோடுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர அவருக்கு ஒரு தளப்படம் வேண்டியிருந்தது. நடைவழிச் சுவரில், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று காட்டும் படம் மாட்டியிருந்ததே, அதைப் போனில் எடுத்துக்கொண்டு போனார். அறை அறையாக, வாசல் வாசலாக அதன்மேல் கோடுகளைப் பொருத்தினார். அந்தப் படத்தில் மதில் இருந்தது.

கவியா இதற்கெல்லாம் அசரவில்லை. "ஏட்டி, இத எவன் உக்காந்து பாக்கப்போறான்? எறும்பு மொய்ச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். குர்தாவைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரிதான். குர்தாவுக்குத் துணியை வெட்டும்போது கழுத்தில் கொஞ்சம் போகும், அக்குளில் கொஞ்சம் போகும், பக்கத் தையலில் படம் பாதியில் முறியும். ஒரு கோட்டை முழுசாகப் பின்தொடர முடியாது. ஆனால் வார்டன் காமாட்சியம்மாளுக்கு அதே துணியில் சேலை கொடுத்திருந்தார்கள். சேலையை யாரும் வெட்டுவதில்லை. தலைப்பிலிருந்து உள்முந்திவரை விடுதி வரிசையாக, முழுசாக, மதிலோடு வந்துகொண்டே இருந்தது. அதை அவர் மேசையில் விரித்து மடிப்பு மடிப்பாக இஸ்திரி போடுவதை அறை வாசலில் நின்று பார்த்தபோது, சுகப்பிரியாவுக்குத் தன் தோலின்மேல் சூடு போகிற மாதிரி இருந்தது. அவர் கவனிக்கவில்லை. சேலை வழுக்குகிறது என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் துணியின் அறிமுக விழா. எல்லோரும் குர்தாவில் வந்து மெஸ்ஸில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. வனமாமலையும் துணி வடிவமைப்பாளர் ரத்னாவும் வந்திருந்தார்கள். நிர்வாக மேலாளர் ஆறுமுகநயினார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கதவுப் பக்கம் செக்யூரிட்டி தேவநாதன் நின்றார். விளக்கை அணைத்து, எதிர்ச்சுவர் முழுக்கத் துணியின் படத்தைப் போட்டார்கள். அத்தனை பெரிதாக மதிலைப் பார்த்ததும் சுகப்பிரியாவின் கை கவியாவின் கையைத் தேடியது. எழுந்து போக முடியாது. நடு வரிசை, இரண்டு பக்கமும் முழங்கால்கள்.

ரத்னா பேசுவதில் கெட்டிக்காரி. தாளையும் கத்தரிக்கோலையும் கையில் எடுத்துக்கொண்டு, துணியில் படம் எப்படி முடிவே இல்லாமல் வருகிறது என்று செய்தே காட்டினாள். படம் ஒன்றுதான். அதைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்க வேண்டும். அப்படியே அடித்தால் ஒவ்வொரு சேர்க்கையிலும் கோடுகள் மோதி, தரை ஓடு ஒட்டிய மாதிரி விளிம்பு தெரியும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. படத்தை நடுவில் நெடுக வெட்டி, இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றி வைக்க வேண்டும். முன்பு ஓரமாக இருந்தவை இப்போது நடுவில் வந்து ஒன்றையொன்று பார்த்து நிற்கும். அங்கே கோடுகள் சேராது. அவற்றை மட்டும் கையால் வரைந்து சேர்க்க வேண்டும். இப்போதைய ஓரங்கள் ஏற்கெனவே ஒன்றாக இருந்து கத்தரி பட்டவை, அதனால் தாமாகவே பொருந்தும். பிறகு குறுக்கே வெட்டி, மேலும் கீழும் இதையே செய்தால் தீர்ந்தது. எத்தனை கிலோமீட்டர் அடித்தாலும் படம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அத்தனை பயத்திலும் சுகப்பிரியாவுக்கு அது புரிந்தது. அழகாகவும் இருந்தது. ரத்னா தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்து விளிம்பு மறைந்ததைக் காட்டியபோது அவளும் மற்றவர்களோடு கை தட்டினாள்.

பிறகு ரத்னாவின் சிவப்பு ஒளிப்புள்ளி சுவரில் நகர்ந்து, மதிலருகே வந்து நின்றது. தனக்கு ரொம்பப் பிடித்த கோடு இது என்றாள். மற்றவை உள்ளேயே சுற்றுகின்றன, இது ஒன்றுதான் விளிம்பைத் தாண்டுகிறது. இதை அந்தரத்தில் விட முடியாது. விட்டால், படம் திரும்பத் திரும்ப வரும்போது அறுந்த நூல் வரிசையாகத் தொங்கும், கண் அங்கேயே போகும். அதனால் பக்கத்துப் படத்தின் வாசலோடு இணைத்துவிட்டேன் என்றாள். ஒளிப்புள்ளி கோட்டோடு போயிற்று. மதிலைத் தாண்டி, வெளிர்பச்சை வெளியில் கொஞ்சம் நடந்து, அடுத்த விடுதியின் முன்வாசலுக்குள் நுழைந்தது.

ஆறுமுகநயினார் உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார். "நல்லாருக்கும்மா. ஆனா வாசக் கேட்டு இந்தப் பக்கம்ல இருக்கு? அது ஏன் செவரு வழியா வெளிய போகுது?"

வனமாமலை சுவரைப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்தார். என்ன செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கற்பனைதான் சார், ஓவியத்தில் அப்படி வருவதுண்டு என்று அவசரமாகச் சொன்னார்.

கதவோரத்திலிருந்து தேவநாதன் தொண்டையைக் கனைத்தார். "கற்பன இல்ல சார். அங்க ஒரு ஸ்லாப் கொறச்சலா கீது. டீசல் லாரி இட்ச்சது. நான் அப்பவே சொன்னேன், யாரும் கண்டுக்கல." தான் அன்றே சொன்னதை இன்றைக்காவது பத்துப் பேர் கேட்டார்களே என்ற சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

யார் போட்ட கோடு என்று ஆறுமுகநயினார் ஓவியரைக் கேட்டார். தெரியாது என்றார் வனமாமலை. அது உண்மை. மேலாளர் திரும்பி வரிசைகளைப் பார்த்தார். ஒருத்தியும் தலையைத் திருப்பவில்லை. அத்தனை பேர் மேலும் அந்தக் கோடு இருந்தது. சுகப்பிரியாவும் எதிர்ச்சுவரையே பார்த்தாள்.

மறுநாள் காலையில் கிரேன் வண்டி வந்தது. மதிலில் அந்த இடத்து ஸ்லாப்புகளுக்கு மேல் புதிதாக ஒன்றை இறக்கினார்கள். அதோடு விடாமல், உச்சியில் முள்கம்பியையும் இழுத்துக் கட்டினார்கள். இடத்தைக் காட்ட மேலாளர், காமாட்சியம்மாளின் சேலையைப் போட்டோ எடுத்து ஒப்பந்தக்காரருக்கு அனுப்பியிருந்தாராம். "பிளானப் பாத்துச் செவரு கட்டுவான்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் கவியா. "சேலையப் பாத்துக் கட்டுனவன் இவன்தாம்ட்டி." சுகப்பிரியா சிரிக்கவில்லை. கவியா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வாசல், சுழல்கம்பி, வார்டனின் போன், அப்பா என்று மனது ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்பியது. அப்பாவிடம் பொய் சொல்லிப் பார்க்கலாம். லைனில் கூட வேலை செய்கிறவளுக்குக் கல்யாணம் என்று சொல்லலாம். ஆனால் எந்த ஊர், எந்த மண்டபம் என்று அவர் கேட்பார், வார்டன் பத்திரிகை கேட்பார். தங்கமாரியிடம் போனில் எதுவும் சொல்லவில்லை. வருகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அவள் குளித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மோகன்ராஜின் அழைப்பு வந்தது. வலி எடுத்துவிட்டது, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, துணைக்கு யார் என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றான். ஈரத் தலையோடு சுகப்பிரியா வார்டன் அறைக்குப் போனாள்.

காமாட்சியம்மாள் வாலாஜாபாத்காரர். கொடியவர் அல்ல. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஆனால் விதி என்றால் விதி. செங்கல்பட்டுக்குப் பாஸ் வேண்டும் என்றதும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"எங்க அக்கா, மேடம்."

"உனுக்கு அக்காவே கெடையாதுன்னு இல்ல உங்கப்பா சொல்லிக்கிறாரு?"

"போன் போடுங்க மேடம்."

போன் இரண்டு முறை முழுசாக அடித்து நின்றது. மூன்றாவது முறை கொம்பையா எடுத்தார். பின்னால் பஸ் ஹாரனும் டீக்கடைப் பாட்டும் கேட்டன. சுகப்பிரியா குனிந்து போனிடம் பேசினாள். "அப்பா, அக்காவுக்கு வலி வந்துட்டு. ஆஸ்பத்திரில இருக்கா. கூட ஒரு பொம்பள வேணுமாம். நான் போணும்ப்பா."

 பிறகு கொம்பையா கேட்டார். "ஒனக்கு யாரு சொன்னா?"

"அத்தான்."

"அப்பம் நீ போய்ப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவின் பெயரை மறைத்து மறைத்து அவளுக்குச் சலித்துவிட்டது. "ஆமாப்பா" என்றாள்.

காமாட்சியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். இவள் பெயருக்கு ஒரு பாஸ்கூடப் போட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும். "அந்தக் கோடு உன்துதானா" என்றார் மெதுவாக. சுகப்பிரியா போனின் திரையைப் பார்த்தாள். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

கொம்பையா, கூட வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். அவன் வீட்டு ஆட்கள் வரவில்லையா என்றார். இல்லை என்றாள். சாப்பிட்டாளா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். காமாட்சியம்மாள் போனைத் தன் பக்கம் இழுத்து, அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்டார்.

"அனுப்பாதீகன்னு நான் சொல்லலியேம்மா."

"அது பத்தாதுங்க. சரி, அனுப்புங்கன்னு வாயால சொல்லணும்."

அவர் சொல்லவில்லை. டீக்கடைப் பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. சுகப்பிரியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் வேலையையே விட்டுவிடுகிறேன், இப்போதே பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

"வுட்டுட்டுப் போவணும்னாலும் உங்கப்பாதான்மா நேர்ல வந்து கூட்டிகினு போவணும்" என்றார் காமாட்சியம்மாள். "தனியா வுட மாட்டோம்."

அதைக் கொம்பையா கேட்டார். "அப்பம், பெத்தவன் வராம எம்புள்ள அந்த வாசலத் தாண்டவே முடியாதாம்மா? செத்துப் போற அவசரம்னாலும்?"

"ஆமாங்க. சேக்கும்போது நீங்கதான நின்னு கேட்டுகினீங்க. கம்பியத் தள்ளிகூடப் பாத்தீங்களே."

சங்கரன்கோவிலிலிருந்து அவர் வந்து சேர ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். அதுவரை பிள்ளை காத்திருக்காது.

"சரி" என்றார் கொம்பையா. பிறகு, யாரோ பிடித்துத் தள்ளியது போல, "அனுப்புங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

காமாட்சியம்மாள் பச்சையை அழுத்தினார். மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும், கோட்டு விஷயத்தை நயினார் சார் கேட்கத்தான் செய்வார் என்றார். தன் பையிலிருந்து ஒரு பன் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

சுழல்கம்பி அவள் விரலுக்கு முதல் தடவையாக நகர்ந்தது. வெளியே வந்தும் வெளியே வந்த மாதிரி இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் குர்தாவைப் பார்த்ததும், ஆஸ்டல் பெண்ணா, பாஸ் இருக்கிறதா, கம்பெனியில் கேட்டுத்தான் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அவள் தன் போனுக்கு வந்திருந்த பச்சைப் பாஸைக் காட்டிய பிறகே வண்டியை எடுத்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்த இருவர், ஆஸ்டல் துணி போகிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். துப்பட்டாவால் எவ்வளவு மூடினாலும் எங்காவது ஓர் ஓரத்தில் அந்தப் பச்சை தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் மோகன்ராஜ் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து கூடையைக் கொடுத்தான். பிரசவ வார்டுக் கதவருகே ஆயா கிளியம்மாள் வழிமறித்து, யாருக்குத் துணை என்று கேட்டார். தங்கமாரி பெயரைச் சொன்னதும், காலையிலிருந்து அந்தப் பெண் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் போ என்று தள்ளிவிட்டார்.

தங்கமாரி இரும்புக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். "என்னட்டி இது, ரோடு ரோடா உடுத்திட்டு வந்திருக்க" என்றாள். அடுத்த வலி வந்து பேச்சை அறுத்தது.

முதல் பிரசவம் யாருடைய அவசரத்துக்கும் வராது. கருப்பையின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விரியும். ஒவ்வொரு வலியும் அதை ஒரு நெல்லளவு திறந்துவிட்டு ஓயும். ஓய்ந்த நேரத்தில் மூச்சை வாங்கி அடுத்ததற்குத் தயாராக வேண்டும். நர்ஸ் அடிக்கடி வந்து பார்த்து, இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். சுகப்பிரியா அக்காவின் இடுப்பைத் தேய்த்தாள். பன்னைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்து ஊட்டினாள். வலி வரும்போது தன் கையைக் கொடுத்தாள். அக்கா பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. நடுநடுவே அவள் கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போயிற்று. தங்கமாரி அதைக் கவனித்துவிட்டாள்.

"எப்பம் போணும்?"

"போணும்" என்றாள் சுகப்பிரியா. எப்போது என்று சொல்லவில்லை.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியது. இனி கிளம்பினால்தான் சரியாக இருக்கும் என்ற நேரம் வந்து, கடந்தது. கிளம்பவில்லை என்றால் வேலை போகலாம். அதைவிட, அனுப்புங்க என்ற அந்த ஒற்றைச் சொல்லை அப்பா இனி ஒருபோதும் சொல்ல மாட்டார். நர்ஸ் மறுபடி வந்து பார்த்துவிட்டு, இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் வேகமாக வெளியே போய் டாக்டரைக் கூப்பிட்டாள்.

அப்போது போன் அதிர்ந்தது. பாஸ் நேரம் முடிந்தும் விரல் பதியாவிட்டால், விடுதியிலிருந்து பெற்றோருக்குத் தானாக அழைப்பு போகும். அந்த அழைப்பு போயிருக்க வேண்டும். திரையில் அப்பா என்று இருந்தது. தங்கமாரியும் அதைப் பார்த்தாள். அவர் குரலைக் கேட்டு அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சுகப்பிரியா பொத்தானைத் தொட்டு, தன் காதில் வைக்காமல் அக்காவின் காதோரம் வைத்தாள்.

"நேரமாச்சுன்னு மெஷினு பேசுது" என்றார் கொம்பையா. "கெளம்பிட்டியா?"

தங்கமாரி பல்லைக் கடித்துக்கொண்டு வலி ஓயும்வரை காத்திருந்தாள். ஓய்ந்ததும் மூச்சை விட்டாள்.

"இல்லப்பா" என்றாள். "அவ எங்கூட இருக்கட்டும்."

டீக்கடையில் யாரோ ஸ்ட்ராங்காக ஒரு டீ கேட்டார்கள். கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது. டாக்டர் உள்ளே வந்தார். கிளியம்மாள், போனை வையுங்கம்மா என்று அதட்டினார். அந்தப் பக்கம் கொம்பையா ஒன்றும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.